முதல் எழுத்தில் ஒரு திவ்யதேசம்



தென்னாட்டில் சாலையில் இறங்கி நடப்பவர் எவரும் ஒரு நாளில் ஒரு முறையாவது பார்த்துவிடும் மூன்று எழுத்துக்கள் உண்டு. லாரியின் முகப்பிலும், இருசக்கர வண்டியின் பக்கவாட்டிலும், பணிமனை வாயிலிலும், பள்ளிக்கூடப் பலகையிலும் அவை காணப்படும். டி.வி.எஸ். என்னும் அந்த எழுத்துக்களைக் கோடிக்கணக்கானோர் உச்சரிக்கிறார்கள். அவற்றுள் முதல் எழுத்து ஒரு திவ்யதேசத்தின் திருநாமம் என்பதை அறிந்து உச்சரிப்பவர் மிகச் சிலரே. திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார் என்பதன் சுருக்கம் அது. நம்பி எழுந்தருளியிருக்கும் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டு பிழைக்கப் புறப்பட்ட ஒருவர், அந்தப் பெயரை வண்டிச் சக்கரங்களில் ஏற்றி நாடு முழுவதும் ஓடச் செய்தார். அவருடைய சரித்திரத்தை நாம் அறிந்த அளவில் இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

பாசுர வ்யாக்யானங்களுக்கு நடுவே ஒரு பேருந்து முதலாளியின் கதை எதற்கு என்று கேட்கும் ஸ்வாமிகள் இருக்கக்கூடும். அக்கேள்வி நமக்கும் எழுந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் வரவு செலவு பார்த்துக் கழித்த நமக்கு, ஓய்வுக்குப் பிறகே ஆழ்வார்களின் ஈரச்சொற்களில் மனம் தோயும் பாக்கியம் கிட்டியது. அந்த இரண்டு வாழ்க்கைக்கும் தொடர்பே இல்லை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தோம். திருக்குறுங்குடியில் ஒரு கைசிக ஏகாதசி இரவில் அமர்ந்திருந்தபோது அந்த எண்ணம் சற்று ஆட்டங்கண்டது. அதை முடிவில் சொல்கிறோம்.

முதலில் ஊர். திருநெல்வேலிச் சீமையின் தென்மேற்கு ஓரத்தில், மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில், நம்பியாற்றங்கரையில் அமைந்த திவ்யதேசம் இது. நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் நம்பி என ஐந்து கோலங்களில் எம்பெருமான் இங்கே ஸேவை ஸாதிக்கிறான். ஆழ்வார்கள் நால்வர் மங்களாசாசனம் செய்த தலம். காரியாரும் உடையநங்கையாரும் பிள்ளை வரம் வேண்டி நின்றபோது நம்பி தானே நம்மாழ்வாராக அவதரித்தான் என்பது பெரியோர் வழக்கு. திருமங்கையாழ்வார் திருநாடு எழுந்தருளியதும் இங்கேதான். எம்பெருமானாரைத் திருவனந்தபுரத்திலிருந்து ஓரிரவில் பெரிய திருவடி இங்கே கொண்டுவந்து சேர்த்ததும், பிரிந்துபோன சீடர் வடுகநம்பியின் வடிவில் எம்பெருமானே வந்து அவருக்குக் கைங்கர்யம் செய்ததும், வைஷ்ணவ நம்பி என்னும் திருநாமத்தை அவன் பெற்றதும் நம் ஸம்ப்ரதாயத்தில் யாவரும் அறிந்தவை. ஆசார்யனைத் தோளில் சுமந்து உரிய நேரத்தில் சேர்ப்பித்த ஊர் என்று இதைச் சொன்னால், பேருந்துக் கதைக்கு வலிந்து பொருத்தம் தேடுகிறோம் என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

இவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். அது தாது வருஷத்துப் பங்குனி. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நடுக்கத்தோடு சொல்லிவந்த அந்தக் கொடிய பஞ்சம் தென்னாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம். அதற்குச் சற்று முன்னர்தான், 1876இன் தொடக்கத்தில், திருநெல்வேலிக்கு ரயில் வந்திருந்தது. ரயிலடியிலிருந்து உள்ளூருக்குப் போக மாட்டுவண்டி, அல்லது சொந்தக் கால்கள். தானியம் ஓரிடத்தில் இருந்தாலும் பசித்த வாய்க்கு அது வந்து சேர வழியில்லாமற்போனதும் பஞ்சக் கொடுமையில் ஒரு பகுதி. வழி என்பது சோற்றுக்குச் சமமான பொருள் என்று அறியத்தக்க காலத்தில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் வழியையே தொழிலாகக் கொண்டது. அதற்கும் இதற்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்று நாம் வாதிக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது, அவ்வளவே.

தகப்பனாரின் விருப்பத்துக்கு இணங்கி அவர் முதலில் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். பிறகு ரயில்வேயில் உத்தியோகம். அதன்பின் வங்கியில் வேலை. அக்காலத்து அந்தணக் குடும்பம் ஒன்று தன் பிள்ளைக்கு ஆசைப்பட்ட மூன்று நாற்காலிகளிலும் அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டார் என்று சொல்லலாம். மாதம் பிறந்தால் சம்பளம், வயது முதிர்ந்தால் ஓய்வு, ஊரில் மரியாதை. இவற்றை விட்டெறிந்து, முப்பது வயதைக் கடந்த நிலையில், பெரிய குடும்பத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு, மோட்டார் வண்டி என்னும் புதுமையை நம்பி இறங்கினார். ஐந்து புதல்வர், மூன்று புதல்வியர் என வளர்ந்த குடும்பம் அது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கிறோம். வங்கி நாற்காலியின் மென்மை நமக்குத் தெரியும். நம் முப்பத்தெட்டாம் வயதில் நண்பர் ஒருவர் கூட்டுத்தொழிலுக்கு அழைத்தார். மூன்று இரவுகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓய்வூதியம் என்னும் ஒரே வரியில் நம் விரல் நின்றுவிட்டது. அதற்காக வருந்தவில்லை. ஆயினும், அதே வரியைத் தாண்டி விரலை நகர்த்திய ஒருவரைப் பற்றி எழுதும்போது, அந்த நகர்வின் எடை என்ன என்பதைப் பிறரைவிட நாம் கூடுதலாக உணர்கிறோம்.

1911ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாக அந்நிறுவனம் கொள்கிறது. அடுத்த ஆண்டு, 1912இல், மதுரையில் சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கினார். தென்னாட்டு மோட்டார் போக்குவரத்துக்கு அதுவே அடிக்கல். டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் ஸன்ஸ் என்பது நிறுவனத்தின் பெயர். ஸதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பேருந்துகளும் லாரிகளும் ஓடின. பெயர்ப் பலகையில் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதியது வெறும் வழக்கம் என்று தள்ளத் தோன்றவில்லை. பிள்ளைகள் வளர வளர ஒவ்வொருவரும் தொழிலில் ஒவ்வொரு பகுதியை ஏற்றார்கள். ராஜம், சந்தானம், ஸ்ரீனிவாசன், கிருஷ்ணா என்னும் பெயர்கள் பின்னாளில் தொழிலுலகில் தனித்தனியே விளங்கியவை.

அக்காலத்துச் சாலையையும் பேருந்தையும் இன்றைய வாசகர் மனக்கண்ணில் கொண்டுவருவது கடினம். மண் சாலை. மாட்டின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணிகள் வழியெல்லாம் சிதறிக் கிடக்கும். டயர் வெடித்தால் நடுவழியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். பேருந்து நடத்தியவர்களின் பொது வழக்கமோ, இருக்கை நிரம்பும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பது. பயணி குடை பிடித்துக் காத்திருப்பார். நடத்துனர் சந்தைக்குள் போய் ஆள் பிடித்து வருவார். பத்து மணி வண்டி பன்னிரண்டுக்குப் புறப்பட்டாலும் கேட்பாரில்லை. இப்படிப்பட்ட காலத்தில், குறித்த நேரத்தில் வண்டி புறப்படும், குறித்த நேரத்தில் போய்ச் சேரும் என்று பொதுமக்களிடம் சொல்லி, அதைச் செய்தும் காட்டினார் சுந்தரம் ஐயங்கார்.

டி.வி.எஸ். வண்டி கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்ற பேச்சு மதுரைச் சீமையில் பழமொழி போலவே வழங்கியது. இதற்கு நம் வீடே சாட்சி. மதுரைக்கு வடக்கே, அழகர்கோயில் செல்லும் சாலையோரத்துச் சிற்றூரில் நாம் வளர்ந்தோம். கூடத்தில் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் இருந்தது. வெயில் காலத்தில் முந்தும், மழைக்காலத்தில் பிந்தும். காலை வண்டியின் ஒலிப்பான் கேட்டதும் நம் தகப்பனார் முக்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். அதன் பிறகே பெருமாளுக்குத் தளிகை அமுது செய்விக்கும் நேரம் எங்கள் அகத்தில் தீர்மானமாகும். திருவாராதனத்துக்கு நேரம் காட்டியது பேருந்து என்று சொன்னால் நம் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. சாலையில் விழுந்த ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் கட்டிய வண்டியை முன்னே அனுப்புவார்கள் என்றும் அக்காலத்துப் பெரியவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து சாலையில் ஆணி கண்டால் எடுத்து ஓரமாகப் போடும் வழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டது.

வணிகவியல் படித்தவன் கண்ணுக்கு இந்த நேரந்தவறாமை வேறு விதமாகத் தெரியும். நாற்பது இருக்கைகளில் பதினைந்து காலியாக இருக்கும்போது வண்டியை எடுப்பது அன்றைய கணக்கில் நேரடியான நட்டம். அதைச் சரிக்கட்ட எந்தப் பேரேட்டிலும் எதிர்ப்பதிவு கிடையாது. குறித்த நேரத்தில் எடுக்க வேண்டுமானால் பழுதுபடும் முன்பே வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பணிமனை வேண்டும், தேர்ந்த கம்மியர் வேண்டும், ஓடாமல் நிற்கும் உபரி வண்டி ஒன்று வேண்டும். ஓடாத வண்டிக்கும் தேய்மானம் உண்டு, முதலுக்கு வட்டி உண்டு. வங்கியில் கடன் விண்ணப்பத்தோடு இப்படி ஒரு திட்டத்தை யாராவது நம்மிடம் நீட்டியிருந்தால், உபரி வண்டியை விற்றுவிடும்படி சிவப்பு மையில் எழுதியிருப்போம். அவர் விற்கவில்லை. நாளடைவில் மக்கள் மனத்தில் ஒரு நம்பிக்கை ஊறியது. அந்த நம்பிக்கையைத்தான் பின்னாளில் நல்லெண்ணம் என்ற தலைப்பில் ஐந்தொகையில் எழுதுகிறார்கள். அது விலைக்கு வாங்கப்பட்டால் மட்டுமே கணக்கில் ஏறும் என்பது நம் படிப்பின் விநோதங்களில் ஒன்று. உழைத்துச் சேர்த்தவனின் ஏட்டில் அது பூஜ்யமாகவே இருக்கும்.

இரண்டாம் உலகப்போர் வந்தபோது இந்த வாக்குக்குப் பெரிய சோதனை வந்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு உட்பட்டது. வண்டிகள் கொட்டகையில் முடங்கின. முடங்கட்டும் என்று விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுந்தரம் ஐயங்கார் நிறுவனமோ கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்து உற்பத்தி செய்தது. டி.வி.எஸ். காஸ் பிளான்ட் என்று அதற்குப் பெயர். மரக்கரியை அடைத்த உருளையை வண்டியில் பொருத்தி, கரியை மூட்டி, அதிலிருந்து எழும் வாயுவால் பொறியை இயக்கும் ஏற்பாடு. இத்தகைய வண்டிகளில் போனவர்கள் அந்த நாளைச் சொல்லும்போது முகத்தில் புன்னகை வரும். புறப்படும் முன் உதவியாள் காற்றாடியைச் சுழற்றி அனல் ஏற்ற வேண்டும். மேட்டில் வண்டி மூச்சு வாங்கும். இறங்கும்போது வேட்டியில் கரி படிந்திருக்கும். ஆயினும் வண்டி போனது. தேய்ந்த டயருக்கு மேல் ரப்பர் ஒட்டிப் புதுப்பிக்கும் ஆலைகளும் அந்நிறுவனத்தில் எழுந்தன. மதராஸ் ஆட்டோ ஸர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகியவையும் அவர் ஏற்படுத்திய நிறுவனங்களே.

இனி அந்த இல்லத்துக்குள் செல்வோம். நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்த பகுதி இது. வாசகர்களில் சிலருக்கு இது உவப்பாக இராது என்பதையும் அறிவோம்.

அவருடைய புதல்வி சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணமுடித்து வைத்தார்கள். கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோய் அந்த இளைஞரைக் கொண்டுபோயிற்று. இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு அக்காலத்து நம் அகங்களில் என்ன நேர்ந்தது என்பதை விரித்து எழுத நம் கை கூசுகிறது. நம் பாட்டனாரின் தமக்கையார் அப்படி அறுபது ஆண்டுகள் அடுக்களைக்குப் பின்னாலிருந்த இருட்டறையில் வாழ்ந்து மறைந்தவர். திருவாய்மொழி முழுவதும் அவருக்கு மனப்பாடம். கூடத்தில் கோஷ்டி நடக்கும்போது அவர் குரல் வெளியே கேட்கலாகாது என்று கட்டளை இருந்தது. அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லி அழைத்தவர் எவரையும் நாம் கண்டதில்லை.

சௌந்தரம் இருட்டறைக்குப் போகவில்லை. டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஆசாரமான ஐயங்கார் குடும்பத்தின் விதவைப் பெண் ஆயிரம் மைலுக்கு அப்பால் தங்கி மருத்துவம் படிப்பதை ஊரார் எவ்வாறு பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க அதிக அறிவு வேண்டாம். பேச்சைத் தாங்கிக்கொண்டு தந்தையும் தாய் லக்ஷ்மியம்மாளும் மகளின் பக்கம் நின்றார்கள். 1936இல், 32ஆம் வயதில், அவர் மருத்துவராக வெளிவந்தார். டில்லியில் உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியாகக் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டது. அங்கே ஜி. ராமச்சந்திரன் என்பவரைச் சந்தித்தார். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர், சாந்திநிகேதனத்தில் பயின்றவர், காந்தியடிகளின் தொண்டர். ஐயங்கார் குலத்தவர் அல்லர். இருவரும் மணம் புரிய விரும்பினர்.

விதவை மறுமணம், அதுவும் குலம் கடந்த மணம். பெற்றோர் முதலில் இசையவில்லை. காந்தியடிகள் அவசரப்படவில்லை. ஓராண்டுக் காலம் ஒருவரையொருவர் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் இருந்து, அதன் பின்னும் மனம் மாறாதிருந்தால் மணம் செய்துகொள்ளலாம் என்று வழி காட்டினார். ஓராண்டு கழிந்தது. மனம் மாறவில்லை. 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு திருமணம் நிகழ்ந்தது. பிற்காலத்தில் இந்த மறுமணத்துக்குத் துணைநின்ற தந்தையாகவே சுந்தரம் ஐயங்கார் நினைக்கப்படுகிறார்.

இசையாத நாளுக்கும் துணைநின்ற நாளுக்கும் இடையே அந்த மனிதரின் உள்ளத்தில் என்ன நடந்திருக்கும்? புகழ்ந்து எழுதுபவர்கள் இந்த இடைவெளியை ஒரே தாவலில் கடந்துவிடுகிறார்கள். தொடக்கம் முதலே அவர் சீர்திருத்தவாதியாக இருந்தார் என்று எழுதுவது எளிது. நமக்கோ, முதலில் இசையாதிருந்தார் என்பதே அவரை நெருக்கமாக்குகிறது. பல தலைமுறை ஆசாரம் ஒரு பக்கம். மகளின் முகம் மறுபக்கம். இரண்டையும் அறிந்த குடும்பத் தலைவர் ஒருவர் மெல்ல நகர்ந்தார். நம் ஸம்ப்ரதாயத்தில் அடியார்களைப் பிறப்பு பார்த்து எடை போடுவது கொடிய அபசாரம் என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் காட்டியிருக்கிறார். காலக்ஷேபத்தில் அதைக் கேட்டுத் தலையசைப்போர் பலர், தம் அகத்து வாசலில் அது வந்து நிற்கும்போது கதவைச் சாத்துகிறார்கள். நாமும் சாத்தியிருப்போமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. மாற்றுக் கருத்துடைய ஸ்வாமிகள் பொறுத்தருள வேண்டும்.

சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கைக்குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் வந்த ஏழைத் தாய்மார்களுக்கும் அது புகலிடமாயிற்று. சௌந்தரம் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். அந்த இருட்டறை அம்மையாரை நினைக்கும்போதெல்லாம் நமக்குக் காந்திகிராமமும் உடன் நினைவுக்கு வருகிறது.

சுந்தரம் ஐயங்கார் தம் வாழ்நாளிலேயே பொறுப்புகளைப் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். சாவிக்கொத்தை இடுப்பிலேயே முடிந்துகொண்டு போய்ச் சேர்ந்த எத்தனையோ முதலாளிகளின் கணக்குகளை நாம் வங்கியில் பார்த்திருக்கிறோம். அவர்கள் போன மறுமாதம் பிள்ளைகள் நீதிமன்றத்தில் நிற்பார்கள். இவர் உயிரோடிருக்கும்போதே, 1954இல், சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தை இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தோடு தொடங்கினார். பேருந்தும் லாரியும் வாங்கத் தவணைக் கடன் கொடுக்கும் நிறுவனம். தகப்பனார் தாமே ஓட்டிக் காட்டிய தொழிலை, முதல் இல்லாத பிறரும் ஓட்ட வழி திறந்தது அது. அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28ஆம் நாள், கோடைக்கானலில் உள்ள இல்லத்தில் உறக்கத்திலேயே சுந்தரம் ஐயங்கார் ஆசார்யன் திருவடி அடைந்தார். அப்போது வயது 78.

மதுரைப் பேருந்துகள் 1972இல் அரசுடைமையாயின. நாம் அப்போது பள்ளி மாணவர். எங்கள் ஊருக்குப் புதிய நிறத்தில் வண்டி வந்தது. தகப்பனார் முக்காலியைப் பரணில் போட்டுவிட்டு வானொலிச் செய்தி நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பத் தொடங்கினார்.

நம் சொந்தக் கணக்கில் ஒரு பாக்கி உண்டு. அதையும் எழுதிவிடுகிறோம். நாம் ஒரு சிற்றூர்க் கிளையில் மேலாளராக இருந்தபோது, ஐம்பது வயது கடந்த லாரி ஓட்டுநர் ஒருவர் கடன் கேட்டு வந்தார். இளமையில் பணிமனை உதவியாளாகத் தொடங்கியவர். பழைய லாரி ஒன்று விலைக்கு வந்திருந்தது. ஆவணங்கள் சரியாக இருந்தன. வெள்ளிக்கிழமை பணம் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினோம். ஆண்டு முடிவுக் கணக்கு, தணிக்கை, தலைமையகத்துக் கடிதங்கள் ஆகியவற்றில் அந்தக் கோப்பு நம் மேசையிலேயே அடியில் போயிற்று. மூன்றாவது வாரம் கையெழுத்திட்டோம். அதற்குள் வண்டி வேறொருவருக்கு விற்றுப்போயிருந்தது. அவர் கோபிக்கவில்லை. கைகூப்பிவிட்டு ஆவணங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் வேறிடம் சென்றிருப்பார். தருகிறோம் என்று சொன்னதால் காத்திருந்தார். அவருக்கு நட்டம் விளைத்தது நம் மறுப்பு அன்று, நம் வாக்கு. எந்தத் தணிக்கையிலும் அது குறையாக எழுதப்படவில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒரு கார்த்திகை மாதம், கைசிக ஏகாதசிக்குத் திருக்குறுங்குடி சென்றோம். சுந்தரம் ஐயங்காரின் பேரர் வேணு சீனிவாசன் முன்னின்று திருப்பணி செய்வித்த திருக்கோயில் அது. பாட்டனார் பெயரின் முதலெழுத்துக்குப் பேரன் செலுத்திய வட்டி என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம். வங்கிப் புத்தி எளிதில் விடாது. அன்றிரவு மண்டபத்தில் கைசிக நாடகம் நடந்தது. நலிந்திருந்த அந்நாடகம் 1999இல் மீட்டெடுக்கப்பட்டு ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது.

நம்பாடுவான் சரித்திரம் அறியாதார் நம்மில் இலர். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்தில் பிறந்து, பின்னிரவில் கோயில் வாசலில் நின்று நம்பியைப் பாடும் பாகவதர். ஏகாதசி இரவில் ப்ரஹ்மரக்ஷஸ் வழிமறிக்கிறது. பாடிவிட்டுத் திரும்பி வந்து இரையாகிறேன் என்று பதினெட்டு ஸபதங்கள் செய்து விடுபட்டுப் போகிறார். கொடிமரம் விலகி வழிவிட, கண்ணார நம்பியை ஸேவித்துப் பாடுகிறார். பிறகு, வேறு வழியாகத் தப்பிப் போகும்படி முதியவர் வடிவில் வந்த எம்பெருமானே சொல்லியும் கேளாமல், சொன்ன சொல்லுக்காக ரக்ஷஸ்ஸிடமே திரும்புகிறார். பராசர பட்டர் இந்தக் கைசிக மாஹாத்ம்யத்தை வ்யாக்யானித்துத் திருவரங்கத்தில் விண்ணப்பம் செய்த பெருமையையும் கேட்டிருக்கிறோம்.

பலமுறை கேட்ட கதைதான். அன்றோ, நம்பாடுவான் வேடமிட்டவர் மேடையில் விரைந்து விரைந்து நடந்தபோது, இதுவரை கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. அவர் ஓடுவது சாவை நோக்கி. எனினும் தாமதமாகிவிடுமோ என்ற பதற்றம் அவர் கால்களில் இருந்தது. அழைத்துப் போனவனோ உண்பதற்குக் காத்திருக்கும் அரக்கன். அவனிடங்கூட நேரம் தவறலாகாது என்று ஓடுகிறார். அந்த ஊரில் பிறந்த ஒரு குழந்தை இந்தக் கதையை எத்தனை கார்த்திகைகளில் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அழகர்கோயில் சாலையில் கேட்ட ஒலிப்பான் நினைவுக்கு வந்தது. உடனே, கைகூப்பிவிட்டுப் போன அந்த ஓட்டுநரின் முதுகும்.

விடியற்காலையில் நம்பியை மீண்டும் ஒருமுறை ஸேவித்துவிட்டு வள்ளியூர் செல்லும் பேருந்துக்காகச் சாலையோரம் நின்றோம். கையில் துளசிப் பிரசாதம். ஐந்தரைக்கு வண்டி என்றார்கள். ஆறேகாலுக்கு வந்தது.